ஆறு நிமிடம்

கள்ளிக்குப்பம் மண்டபத்து வாசலில் நின்றபடி, வாக்கி டாக்கியிலேயே கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தாள் நிகழ்ச்சி அமைப்பாளர் வசுமதி.

நேற்றுதான் அவளிடம் வேலைக்குச் சேர்ந்த கோபி மேடையிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, தாரை வாக்கணுமாம். பொண்ணோட அப்பா, அம்மா எங்க கீறாங்க?"

"அப்பா தவறிட்டாரு. மாமாவையும் அத்தையையும் நிக்க வை."

"அம்மா?"

"புருஷன் இல்லாதவங்க மேடை ஏறக்கூடாதுன்னு மாப்பிள்ளை ஊட்டுல சொல்லிட்டாங்க. தேடாத. மேளக்காரங்களை ரெடியா இருக்கச் சொல்லு."

"பாவம்க்கா அந்தம்மா."

"முகூர்த்தத்துக்கு ஆறு நிமிஷம்தான் கீது. வேலையப் பாரு."

வாக்கி டாக்கியில் இரைச்சல் கேட்டது. கோபியிடமிருந்து அதை யாரோ பிடுங்கியிருந்தார்கள். அடுத்து வந்தது மணப்பெண்ணின் குரல்.

"அம்மா, எங்க நிக்கிற? நீ வராம நான் கையை நீட்ட மாட்டேன்."

வசுமதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

"நேரமாவுது. கையை நீட்டு கண்ணு."