நிறுத்திய மாத்திரை

மதிய வெயில் கண்ணாடிச் சன்னல் வழியே கட்டில்மேல் விழுகிறது. நாகஜோதியின் தலைமுடியில் பனியன் கம்பெனிப் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. ஐந்து மாதக் கர்ப்பிணி அவள். காலையிலிருந்து ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு. பாத்ரூம் வாசலிலேயே சுருண்டு விழுந்தவளைக் கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். கையில் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கணவன் இசக்கிமுத்து அவளுடைய செருப்பைக் கையில் பிடித்தபடியே நிற்கிறான்.

"பெருங்குடல் புண்ணு அடங்கித்தான இருந்துச்சு கண்ணு? மாத்திரைய எப்ப நிறுத்துன?" என்று கேட்கிறார் டாக்டர் அன்புசெல்வி.

"உண்டானதுமே நிறுத்திட்டேன் டாக்டர். புள்ளைக்கு ஆகாதுல்லா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைக்கிறார். "அந்த மாத்திரை குழந்தைய ஒண்ணும் பண்ணாது. இது ஒரேயடியாத் தீர்ந்து போற நோவு இல்ல கண்ணு, மாத்திரைதான் அடக்கி வெச்சிருந்துச்சு. நோவு கிளம்புனாத்தான் குழந்தைக்கு ஆபத்து."

நாகஜோதியின் உதடுகள் வெளுத்துப் போகின்றன. புள்ளைக்காக வாயைக் கட்டி, வலியையும் பொறுத்துக்கொண்டு கிடந்தவள் அவள். "அப்போ நானேதான்..." என்று தொடங்கியவள் வயிற்றைக் கையால் பொத்திக்கொள்கிறாள். இசக்கிமுத்துவின் கையிலிருந்து ஒரு செருப்பு நழுவி விழுகிறது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"ஸ்கேன்ல குழந்தை நல்லாருக்குது கண்ணு. மருந்த இன்னைக்கே மறுபடி ஆரம்பிச்சரலாம்."

நாகஜோதி டாக்டரின் மணிக்கட்டை எட்டிப் பிடிக்கிறாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

டாக்டர் சொல்கிறார். அவள் பிடியை விடாமல் மறுபடியும் கேட்கிறாள்.