கழுத்துப் பட்டன்

மூன்றாவது முறையாக அந்தப் பள்ளிச் சட்டை என் தையல் மேஜையில் வந்து விழுந்தது.

"மறுபடியும் காந்தம் கழண்டுடுச்சு. என்னம்மா தைக்கிறீங்க?" என்று எகிறினார் அப்பாக்காரர்.

அவர் மகளுக்கு வலது கை விளங்காது. இடது கையாலேயே மாட்டிக்கொள்ளட்டும் என்று, ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் காந்தம் வைத்து நான் தைத்த சட்டை அது.

புரட்டிப் பார்த்தேன். நூல் இற்றுப்போகவில்லை, யாரோ கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். என் பிழைப்பில் மண்ணைப் போட எதிர்க்கடைக்காரன் ஏவிவிட்ட ஆளோ இவர்?

"அளவு பார்க்கணும், பாப்பா மட்டும் வரட்டும்" என்று, அவரோடு வந்திருந்த மகளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"உண்மையைச் சொல்லு. அப்பாதானே வெட்டுறாரு?"

இல்லையென்று தலையாட்டினாள். "நான்தான் ஆன்ட்டி."

"ஏண்டி கண்ணு? போட வரலையா?"

"நல்லா வருது. ரெண்டே நிமிஷம்தான்." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா வேலை முடிஞ்சு வரும்போது நான் தூங்கிடுவேன். காலைல எனக்குப் பட்டன் போட்டுவிடத்தான் எழுந்திருப்பாரு. அப்பதான் என்கிட்ட பேசுவாரு."

வெளியே வந்து, "நாளைக்கு வாங்க சார்" என்று சட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சட்டையை வாங்க வந்தவர் ஒவ்வொரு பட்டனாக இழுத்துப் பார்த்தார்.

"கழுத்துல மட்டும் ஏன் சாதா பட்டன்?"

"அந்த இடத்துல காந்தம் நிக்காது சார்" என்று கூசாமல் புளுகினேன். "அதை மட்டும் தினமும் நீங்கதான் போட்டுவிடணும்."

மறுபடி எகிறுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாடா! இது ஒண்ணாவது எனக்கு மிச்சம்" என்றார் அவர்.