மாதாவுக்கு நேர்ந்த பெண்

"எங்க சாமிக்கு நாங்க முடி குடுப்போம், ஆடு குடுப்போம். நீ இன்னாடான்னா பெத்த பொண்ணையே குடுக்கறேன்றியே," என்றாள் பக்கத்து வீட்டுப் பரிமளா.

ஜெசிந்தா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அமலி அழுதுகொண்டிருந்தாள். ப்ளஸ் டூ கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கிய பெண். கூடப் படித்த தேவிப்ரியாவோடு செய்யாறு கவர்ன்மென்ட் காலேஜில் சேர ஆசை. ஆரணியிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்துவிடலாம்.

அம்மா ஒரே பிடியாக நின்றாள். சென்னையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் காலேஜ்தான். அங்கேயே ஹாஸ்டல்.

காரணத்தைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாள். அதுவும் பூசை முடிந்து, வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது. அமலிக்குச் சின்ன வயதில் ஜன்னி கண்டு கண் செருகியதாம். 'புள்ளை பொழச்சா உனக்கே குடுத்துடறேன்' என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். அதனால் சிஸ்டர்கள் காலேஜ். படிப்பு முடிந்ததும் மடம்.

அமலிக்கே அன்றைக்குத்தான் தெரியும். அப்பா பத்திநாதனுக்கும்தான்.

பத்திநாதனின் அக்கா விண்ணரசிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெசிந்தா, நீ கான்வென்ட்ல படிச்சவ. நல்லா ஜெபிக்கிறவ, ஒத்துக்கறேன். அதுக்காகப் பச்சப் புள்ளைய மடத்துல தள்ளுவியா? அது மூஞ்சியப் பாரு. அழுது அழுது வீங்கிக் கெடக்குது."

"நேர்ந்தது நேர்ந்ததுதான் அண்ணி."

"கல்யாணம் காட்சின்னு வாழட்டுமே. எம்புள்ள கில்பர்ட்டு புதுசா பவர்லூம் போட்டிருக்கான். வர ஆவணியில முடிச்சிடலாம்னு தம்பியாண்ட பேசிகினு இருந்தேன். அத்தை மகன், மாமன் மகள்னா பிஷப்பாண்ட உத்தரவு வாங்கணும். அவ்ளோதானே?"

"அவ படிக்கணும்னு ஆசைப்படறா அண்ணி."

"படிக்கட்டும். யாரு வேணான்னா? காலையில ஆக்கி வெச்சிட்டு, தறிக்குத் தார்ல நூல் சுத்திக் குடுத்துட்டு, பஸ்சு கெடச்சா செய்யாறு காலேஜுக்கே போவட்டும்."

"அக்கா சொல்றதும் சரிதானே," என்றார் பத்திநாதன். அக்கா சொல்லி எதற்கும் அவர் தலையாட்டாமல் இருந்ததில்லை.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"மாதாவுக்குன்னு வெச்சதை எடுத்து உங்க புள்ளைக்குக் கட்டி வெச்சா, உங்க வீட்டுக்கு நல்லதா அண்ணி? நீங்களே சொல்லுங்க."

விண்ணரசி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தறி போட்ட புதுசு.

"மாதாவே, அந்தப் பேஜாரு நமக்கு வேணாம்," என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் சந்தவாசல் பக்கம் கில்பர்ட்டுக்கு வேறு பெண் பார்ப்பதாகக் காதில் விழுந்தது.

அமலிக்குத்தான் ஆறவில்லை.

"மாதாகிட்ட சொன்னியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"பால்குடி மறந்த வயசுல உங்கிட்ட என்னத்தக் கேக்கறது?"

"என் செய்யாறு அப்ளிகேஷன் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அன்றையிலிருந்து அமலி அம்மாவோடு பேசுவதில்லை.

கோயிலுக்குப் போனால் அதைவிட அவஸ்தை. பங்குச் சாமியார் சந்தோஷமாகக் காலேஜுக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 'நம்ம ஆரணியில இருந்து ஒரு பெண்ணை ஆண்டவர் அழைச்சிருக்கார்' என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். பரீட்சையில் பெயிலான பிள்ளைகளை எல்லாம் கூட்டிவந்து, 'தலையில கை வெச்சி ஜெபம் பண்ணும்மா' என்று அமலியிடம் நிறுத்தினார்கள். ஒருத்தி, இரட்டைச் சடை பின்னியிருந்த அமலியைப் பார்த்து, 'இந்த முடியெல்லாம் இன்னும் எத்தினி நாளைக்கு,' என்று உச்சுக்கொட்டினாள்.

காலேஜ் திறக்கும் அன்று அம்மாவும் பெண்ணும் மட்டும் கிளம்பினார்கள். பஸ்ஸில் அம்மா ஜபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். அமலி ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹாஸ்டலில் கட்டில் காட்டினார்கள். பி.எஸ்.சி. கணக்கு வகுப்பு எந்த மாடியில் என்று ஒரு சிஸ்டர் சொன்னார். பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்ததும் அமலி வாயைத் திறந்தாள்.

"வந்ததுதான் வந்த. மடத்துலயும் இன்னிக்கே பேரு குடுத்துட்டுப் போயேன். இன்னொரு தடவை பஸ் சார்ஜ் எதுக்கு?"

அம்மா எதிரே இருந்த சிற்றாலயத்துக்குள் நுழைந்தாள். ஒவ்வொருவராகப் போய்ச் செய்த பாவத்தைச் சொல்ல, யாரோ ஒரு வயசான சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து பெண்கள் முழங்கால் போட்டுக் காத்திருந்தார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால் போனாள்.

"இங்க எதுக்கும்மா?" அமலி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊர்ல நம்ம ஃபாதர்கிட்ட பண்ணிக்கக் கூடாதா? பஸ்ஸுக்கு நேரமாவுது."

"அவர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? இது உள்ள கெடக்கற வரைக்கும் பூசையில என்னால நன்மை அப்பமும் வாங்க முடியல."

தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போகிறவள் அம்மா. அமலி அவளையே பார்த்தாள்.

"நன்மை வாங்க முடியாத அளவுக்கு அப்படி என்ன பாவம் பண்ணிட்டே?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்கால் போட்டாள்.

"மாதா பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். நேர்ச்சைன்னு ஒண்ணு நான் செய்யவே இல்லடி. முன்னாடியே சொல்லியிருந்தா நீ அழுதிருக்க மாட்ட. நீ அழலேன்னா உங்க அத்தை நம்பியிருக்க மாட்டா."