ராட்டினத்துத் திருகாணிகள்

கோதாவரி மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த படத்தில் ஒரு ராட்டினம் சுழன்றது. உச்சியில் இருந்தவர்கள் அதன் திருகாணிகளைத் தங்கமென்று கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே டிக்கெட் விற்பவருக்கு நிதி நிறுவன முதலாளி சபாபதியின் முகம். கண்காட்சிக்கு அவரே வந்துவிட்டார்.

“இந்தப் படம் எத்தனை காப்பிம்மா இருக்கு?”

“பன்னிரண்டு சார்.”

“எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன். நீ சொல்றதுதான் விலை.”

அந்த வருடம் அவளுடைய படம் ஒன்றுகூட விற்றிருக்கவில்லை. ஆனால் அவள் படத்தைப் பார்த்து இதுவரை யாரும் பயந்ததும் இல்லை. கோதாவரி நிமிர்ந்து நின்றாள்.

“தாராளமா எடுத்துக்கங்க சார். பலகை எங்கிட்டதான் இருக்கு. நாளைக்கே இன்னும் நூறு போடுவேன்.”

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி படத்தையும் சபாபதியையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள்.