பாதி அபராதம்

"ஒரு ஏழைப் பொம்பளையோட ஃப்ரிட்ஜுக்கு வட்டிமேல வட்டி போட்டு, அந்தக் காசுலதான் இந்த ஏசியை ஓட்டுறீங்களா?"

அடெர்பல் வாத்தியாரின் குரல் வங்கி முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

மேசைக்கு இந்தப் பக்கம் ஜெனிவால்தோ. பிரேசிலின் கருவாரு ஊர்க் கிளையில், கார்டுப் பிரிவில், 'முடியாது' சொல்லியே தலை நரைத்தவர்.

"சார், கார்டு உங்க பேர்ல இருக்கு. ஃப்ரிட்ஜ் வாங்கினதும் அதுலதான். கெடு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுக் கட்டியிருக்கீங்க. தாமத அபராதம், வட்டி, எல்லாம் சேர்த்து இருநூறு ரெயால். நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கு."

"கார்டு என்னுது. கடன் அவளோடது. எதிர் பிளாட்பாரத்துல மரவள்ளி அடை சுட்டு விக்கிறாளே லிந்தால்வா, அவளுக்காக வாங்கினது. இந்த ஊர்ல கார்டு இல்லாதவங்களுக்கு இருக்கறவங்கதானே குடுத்து உதவுறோம்? அவ மகன் அம்மா பேர்ல பைக் எடுத்துட்டு, தவணை கட்டாம சாவோ பாவ்லோவுக்கு ஓடிட்டான். அவ பேரு கடன்காரப் பட்டியல்ல ஏறிடுச்சு. சீஸும் தேங்காயும் கெடாம இருக்க ஒரு பெட்டி கேட்டா. வாங்கிக் குடுத்தேன். மாசாமாசம் காசைக் கொண்டாந்து என் கையில குடுக்கிறா."

"அப்ப ஏன் தாமதம்?"

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புனித யோவான் திருவிழா. வியாபாரம் முடிஞ்சப்புறம்தானே அவ கைக்குக் காசு வரும்? இருநூறு ரெயாலுக்கு அவ எத்தனை அடை சுடணும் தெரியுமா? உங்களுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

அந்தக் கேள்வி எங்கேயோ போய்த் தைத்தது. ஜெனிவால்தோ எழுந்து மேலாளர் அறைக்குப் போனார்.

"தள்ளுபடியா? நீங்களா?" மேலாளர் சிரித்தார். "என்ன பெரியவரே, ஓய்வு வாங்கப் போற நேரத்துல புண்ணியம் சேக்குறீங்களா? வருஷத்துக்கு ஒண்ணுதான். அப்புறம் உங்க தங்கச்சியே வந்து அழுதாலும் என் கதவைத் தட்டக் கூடாது, ஆமா."

அபராதமும் வட்டியும் மொத்தமாக ரத்தாயின. வாத்தியார் ஜெனிவால்தோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் மழை பெய்யுது."

மதியம் ஜெனிவால்தோ கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை. சாலையைக் கடந்தார். நிஜமாகவே பசியா என்று பாதி வழியில் தன்னையே கேட்டுக்கொண்டார். நல்லது செய்தவனுக்கு, அதை வாங்கிக்கொண்ட முகத்தை ஒரு தடவை பார்த்துவிட ஆசை. அதற்குத்தான் பசி என்று பேர் வைத்திருந்தார்.

லிந்தால்வா அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே வாங்க. வங்கிக்காரங்களுக்கு அடை ரெண்டு மடங்கு விலை. மெதுவாத் தின்னா அதுக்குத் தனியா வட்டி."

சுற்றி நின்று தின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

"ஏம்மா இவ்வளவு கோபம்?"

"கோபம் வராதா? காலையில வாத்தியாரு தொண்டை கிழியக் கத்தியிருக்காரு. ஒரு காசு குறைக்கலையாமே நீங்க! அவருதான் பாவம், 'பாதியை நான் போட்டுக்கிறேன், பாதியை நீ குடு'ன்னாரு. இப்பத்தான் நூறு ரெயாலை எண்ணி வாங்கிட்டுப் போறாரு."

சில்லறை எடுக்கப் பைக்குள் போன கை அங்கேயே நின்றது.

"நூறா? அம்மா, அது பொய். முழுசையும் நான் ரத்து பண்ணிட்டேன். என் கையால பண்ணினேன். அவர் ஒரு காசு கட்ட வேண்டியதில்ல. நீங்களும்தான்."

லிந்தால்வா தோசைக்கல்லில் கிடந்த அடையைத் திருப்பிப் போட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் நகரும்வரை காத்திருந்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. தெரியும்."

"தெரியுமா?"

"கோயில் உண்டியலுக்கே செல்லாக்காசு தேடற மனுஷன். 'பாதி என்னுது'ன்னு சொல்றாருன்னா, முழுசும் தள்ளுபடின்னுதானே அர்த்தம்? இதைக் கண்டுபிடிக்க வங்கியில வேலை பார்க்கணுமா? அது மட்டுமா, திருவிழாவுக்கு முன்னாடியே தவணைக் காசைக் கையில குடுத்துட்டேன். பந்தல்ல உக்காந்து குடிச்சே தீர்த்தாரு."

ஜெனிவால்தோவுக்கு ரத்தம் கொதித்தது.

"வாங்கம்மா என்கூட. நான் சாட்சி சொல்றேன். அந்த ஆளு சட்டையைப் பிடிச்சுக் கேட்போம்."

"கேட்டுட்டு? மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். வாஷிங் மிஷின் ஒண்ணு எடுக்கணும். அவரு கார்டும் போச்சுன்னா, நான் யாருகிட்ட போய் நிக்கிறது?"

"எங்க வங்கியிலயே சின்னதா ஒரு கார்டு கேட்டிருக்கலாமேம்மா. என் மேசைக்கு ஒரு தடவை வந்திருந்தா..."

அவள் அடையை மடித்து, காகிதத்தில் சுற்றி, அவர் கையில் வைத்தாள். குரலில் சூடே இல்லை.

"ரெண்டு தடவை வந்தேண்ணே. பட்டியல்ல என் பேரைப் பார்த்தீங்க, முகத்தைப் பார்க்கலை. முடியாதுன்னு நீங்க சொன்ன அன்னைக்குத்தான் வாத்தியாரு வீட்டுக்கு முதல்முதலாப் போனேன்."