நகக் கனம்

அரபிக்கடலின் அடியிலிருந்து எடுத்து வந்த சேற்றுக் குழாயை நெடுக்காக அறுத்துத் திறந்தபோது, மெல்ல மெல்ல மாறும் நிறத்தைத்தான் செண்பகவல்லி எதிர்பார்த்தாள். பருவமழை பொய்க்க நூற்றாண்டுகள் பிடிக்கும் என்றுதான் அவள் இத்தனை காலம் எழுதியும் பேசியும் வந்தாள். ஆனால் கரும்பச்சைச் சேறு ஓரிடத்தில் சட்டென்று முடிந்து, அதற்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு வெளுத்த மண்ணாக இருந்தது. பருவக்காற்று வலுத்தால் மட்டுமே பெருகும் நுண்ணுயிர்களின் ஓடுகள், நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த மண்ணில் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவே நகக் கனம்தான் இடைவெளி.

“இந்த நகக் கனம் படிய எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?” என்று தெரிந்தே கேட்டாள்.

“ஆறோ ஏழோ, மேடம்,” என்றார் உடன் வேலை செய்யும் பெனடிக்ட். “சேறு நடுவுல கலைஞ்சிருக்குமோன்னு மறுபடியும் பாத்துட்டேன். கலையல.”

நூற்றாண்டுகள் அல்ல, ஆறேழு வருடங்களிலேயே பருவமழை ஒருமுறை நின்றுபோயிருக்கிறது.

அந்த நேரத்தில் தென்காசியிலிருந்து தம்பி இசக்கிமுத்து போனில் கூப்பிட்டான்.

“எக்கா, மழ பிடிச்சிட்டு! சத்தம் கேக்கா?” என்று போனை வெளியே நீட்டினான்.

வாழை இலைகளில் மழை அடிப்பது கேட்டது. அந்த ஆறேழு வருடக் கணக்கை அவனிடம் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“வச்சிராதல,” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிக்கோ.”