இருள் காத்த கழகம்

"இத்தால் சகல பொதுமக்களுக்கும் அறியத்தருவது யாதெனில், எழுபத்தாறு வருடங்களுக்கு ஒருமுறை மட்டுமே வருகைதரும் வால்வெள்ளியைத் தரிசிக்கும் பொருட்டு, இன்று மாலை ஏழு மணி தொடக்கம் கரம்பொன் கடற்கரையில் சகலவிதமான வெளிச்சங்களும் நிறுத்தப்படல் வேண்டும். மீறுவோர் விஞ்ஞானத்தின் விரோதிகளாகக் கணிக்கப்படுவர்."

உத்தரவிட்டது வானிருள் பாதுகாப்புக் கழகம். அதற்கு ஒரு தலைவர், இரண்டு உபதலைவர்கள். உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும்.

தலைவர் தியாகலிங்கம் ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்தபோது அவரோடு வந்து சேர்ந்தவை ஒரு பைனாக்குலரும், கூட்டம் நடத்தும் பழக்கமும். இரண்டும் சும்மா கிடந்தன. எண்பத்தாறில், பொங்கலுக்கு முந்தின கிழமை, வால்வெள்ளி வந்து அவரைக் காப்பாற்றியது.

பொழுதுபட்ட பிறகு கூட்டம் கூடுவதற்குக் கடற்படை முகாமில் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கப் போன தலைவர், முகாம் அதிகாரியையே பிரதம அதிதியாக அழைத்துவிட்டு வந்தார். ஆகவே அன்று கரையில் கதிரைகள், மாலை, சோடா, பிரதம அதிதி, அவருக்குப் பின்னால் துவக்கோடு நாலு சிப்பாய்கள்.

ஊர்ச்சனம் தள்ளி மணலில் குந்தியிருந்தது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும். வந்தால் கொட்டாவி மட்டும்தான் வரும். இருட்டு அவர்களுக்குப் புதிதல்ல. அதற்கொரு தலைவர் வந்ததுதான் புதிது.

"அங்கை பாருங்கோ அண்ணை!" என்றார் உபதலைவர் வைத்திலிங்கம்.

கரையின் கோடியில், பூவரசங் கொப்பில், ஓர் அரிக்கன் லாம்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஆரது, வால்வெள்ளிக்குப் போட்டியா லாம்பு கொழுத்தினது?"

"மீன்பிடிக்கிற இராயப்பற்ற மனுசி, சூசையம்மா."

கழகம் மணலில் கால் புதையப் புதைய நடந்துபோனது. மரத்தடியில் சூசையம்மா தீப்பெட்டியும் கையுமாக நின்றாள்.

"பிள்ளை, அறிவித்தல் கேக்கேல்லையோ?"

"கேட்டது ஐயா. இது சின்ன லாம்புதானே. இண்டைக்கு மட்டும் எரியட்டும்."

"இண்டைக்கு மட்டும்தானே எரியக்கூடாது எண்டு சொல்லுறன்!"

சூசையம்மா கதிரைகளின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"அவர் கடலிலை நிக்கிறார் ஐயா."

தலைவரின் குரலும் தானாக இறங்கியது. ஆறு மணிக்குப் பிறகு கடலில் நிற்கத் தடை. பிடிபட்டால் வள்ளமும் போகும், ஆளும் உள்ளே போவார்.

"தடை எண்டு அவனுக்குத் தெரியாதோ?"

"அவருக்குத் தெரியும். மீனுக்குத்தான் தெரியேல்லை. பொழுதுபட்டாத்தானே வருகுது."

"சரி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனா லாம்பு ஏலாது. ஒரு லாம்பு ஆயிரம் நட்சத்திரத்தை விழுங்கும், தெரியுமோ உமக்கு? லண்டனிலை இருக்கிறவன் இண்டைக்கு வானத்தைப் பாக்கேலாமல் தவிக்கிறான். எங்களிட்டை மிஞ்சியிருக்கிற ஒரே சொத்து இந்த இருட்டு!"

"எங்களிட்டை மிஞ்சியிருக்கிறது அந்த மனுசன் ஐயா."

வைத்திலிங்கம் தர்க்கத்தோடு முன்னுக்கு வந்தார். "நேற்று நான் இந்தப் பக்கம் வந்தனான். லாம்புமில்லை, ஒண்டுமில்லை. நேற்றும் அவன் கடலுக்குப் போனவன்தானே?"

"ஓம்."

"வந்து சேந்தவனோ, இல்லையோ?"

"வந்தவர்தான். நேற்று இஞ்சை ஒருத்தரும் இல்லையே ஐயா."

"பிறகென்ன!" தலைவருக்கு வழக்கு வென்ற சந்தோஷம். "ஒருத்தரும் இல்லாமலே வழி பிடிச்சு வந்திருக்கிறான். கடல்காரனுக்கு வழிகாட்ட நட்சத்திரம் போதும். லாம்பைக் கொழுத்தி நீர்தான் அவனைக் குழப்புறீர்."

"ஐயா, நான் சொல்லுறதை ஒருக்கா..."

முப்பது வருட உத்தியோகத்தில் தலைவர் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிவைத்தவர், கேட்டவரல்ல. கொப்பிலிருந்து லாம்பைக் கழற்றி, திரியை இறக்கி, உப்பென்று ஊதினார். வைத்திலிங்கம் அதைக் கொண்டுபோய்ப் பிரதம அதிதியின் கதிரைக்குக் கீழே பத்திரப்படுத்தினார்.

சூசையம்மா பின்னால் ஓடிவந்தாள். துவக்குகளைக் கண்டதும் தலைவருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், வானம் அன்று அழகாகத்தான் இருந்தது. கொட்டாவி விட்டவர்களும் வாயை மூட மறந்து அண்ணாந்தார்கள். கரையில் ஆள் இருப்பதே தெரியவில்லை. மேற்கில் யாரோ ஈரவிரலால் தொட்டுவிட்டது மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. அதுதான் வால்வெள்ளி என்று தலைவர் பிரகடனம் செய்தார். மறுத்துப் பேச ஒருவருக்கும் தெம்பில்லை.

அப்போது கடலில் ஒரு வள்ளத்தின் மெசின் சத்தம் கேட்டது.

அண்ணாந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சத்தம் தயங்கவில்லை; நேரே கரையைப் பார்த்து வந்தது. பிரதம அதிதி எழும்பினார். அதுவரை மடியில் சும்மா கிடந்த ரோச் லைட்டை எடுத்தார். அதைக் கொழுத்த வேண்டாம் என்று சொல்லக் கழகத்தின் யாப்பு விதிகளில் இடமிருக்கவில்லை.

தலைவர் சூசையம்மாவின் பக்கம் சரிந்து, பெருமை தாங்காமல் கிசுகிசுத்தார். "பாத்தீரே? லாம்பில்லாமலே எவ்வளவு நேரா வாறான்!"

சூசையம்மா அவரைப் பார்க்கவில்லை. ரோச் வெளிச்சம் போன வழியே கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அது வராதேங்கோ எண்டு சொல்லத் தூக்கின லாம்பு, ஐயா."